நாய்க்கு நகம் வெட்டும்போது ரத்தம் வந்துவிட்டால் என்ன செய்வது?

நாய் வளர்க்கும் வீடுகளில் நகம் வெட்டும்போது ரத்தம் வருவது சகஜம். நாய் சட்டென்று காலை இழுத்திருக்கும், இல்லையென்றால் கறுப்பு நகத்தில் உள்ளே சதை எங்கே தொடங்குகிறது என்று வெட்டியவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு வீறிடல், தரையெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம், வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். உங்கள் வீட்டில் இப்போது அதுதான் நடக்கிறது என்றால் நேராக அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் முழுவதும் படித்துவிட்டு, தேவையான நாலைந்து பொருள்களை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் நகவெட்டியைக் கையில் எடுங்கள்.

பயம் குறைய ஒரு கணக்கு சொல்கிறேன். நாயின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கும். 25 கிலோ லேப்ரடாருக்கு 2 லிட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். 4 கிலோ பொமரேனியனுக்குக்கூட 300 மில்லிக்கு மேல். வெட்டுப்பட்ட நகத்திலிருந்து போவது பெரும்பாலும் சில மில்லிதான். நாய் அதே காலை ஊன்றி அறைக்கு அறை நடந்து வெள்ளை டைல்ஸ் முழுக்கப் பரப்பிவிடுவதால் பார்க்கிறவருக்கு வயிறு கலங்குகிறது. ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு இந்த ரத்தத்தால் உயிருக்கு ஆபத்து வராது. ஒரு கிலோ, இரண்டு கிலோ எடையுள்ள குட்டிகள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றிடம் இழப்பதற்கு ரத்தம் அவ்வளவு கிடையாது.

முதல் பத்து நிமிடம்

நகவெட்டியைக் கீழே வையுங்கள். மீதி நகங்களை இன்றைக்கு வெட்ட வேண்டாம். நாயை ஓடவிடாமல் பிடித்து, இருந்த இடத்திலேயே உட்காரவோ படுக்கவோ வையுங்கள். சின்ன நாய் என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் குரல் ரொம்ப முக்கியம். நீங்கள் "ஐயோ, ஐயோ" என்று பதறினால் அதுவும் பதறித் திமிறும். திமிறினால் ரத்த ஓட்டம் கூடும், நிற்க வேண்டிய ரத்தம் நிற்காது. வழக்கமாக அதனுடன் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசிக்கொண்டிருங்கள். வீட்டில் குழந்தைகள் கத்திக்கொண்டு சுற்றி நின்றால் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் வலியில் கடிக்கும். உங்கள் முகத்தை அதன் வாய்க்குக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் தலையையும் கழுத்தையும் அணைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் காலைப் பார்க்கலாம். உறுமினாலோ பல்லைக் காட்டினாலோ வாய்க்கூடு போடுங்கள். வாய்க்கூடு இல்லையென்றால் காஸ் துணியையோ பழைய துப்பட்டாவில் கிழித்த நாடாவையோ மூக்குப் பகுதியில் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுபோய், காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடலாம். அது சில நிமிடத்துக்குத்தான். வேலை முடிந்ததும் உடனே அவிழ்க்க வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இப்படிக் கட்டவே கூடாது, மூச்சுத் திணறும். மூச்சு வாங்கும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும் இதே விதிதான்.

சரி, இப்போது காலுக்கு வருவோம். சுத்தமான பருத்தித் துணி, காஸ், டிஷ்யூ எது கைக்குக் கிடைத்தாலும் எடுத்து, நகத்தின் நுனியில் வைத்து அழுத்துங்கள். பஞ்சை நேரடியாக வைத்தால் இழை இழையாக ஒட்டிக்கொள்ளும்; அதைப் பிய்க்கும்போது உறைந்த ரத்தமும் சேர்ந்து வந்துவிடும். பஞ்சுதான் இருக்கிறது என்றால் ஒரு துணிக்குள் வைத்து அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து 3 முதல் 5 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை "நின்றுவிட்டதா?" என்று துணியை எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அப்போதுதான் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். துணி நனைந்தால்கூட அதை எடுக்காதீர்கள். அதன்மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள்.

கையில் ஸ்டிப்டிக் பவுடரோ (ரத்தத்தை உறைய வைக்கும் பொடி) சோள மாவோ (கார்ன்ஃப்ளார்) இருந்தால் இன்னும் சுலபம். ஒரு மூடியிலோ உள்ளங்கையிலோ கொஞ்சம் குவித்து வைத்துக்கொள்ளுங்கள். நகத்திலிருக்கும் ரத்தத்தை ஒருமுறை துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்த சொட்டு வருவதற்குள் நகத்தின் நுனியை அந்தப் பொடிக்குள் அமிழ்த்துங்கள். பிறகு விரலால் பொடியை வெட்டுவாயில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். மேலே தூவிவிடுவதால் பயன் இல்லை, ரத்தம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். பொடியும் ரத்தமும் குழைந்து ஒரு அடைப்பு மாதிரி நுனியில் உட்கார வேண்டும். ஸ்டிப்டிக் பவுடர் ஒரு நொடி சுரீரென்று எரியும், நாய் காலை உதறும். அதை எதிர்பார்த்துப் பிடியை விடாமல் இருங்கள்.

பாதத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பதும், துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை விரலுக்குப் பக்கத்தில் சிறிது நேரம் வைப்பதும் உதவும். விரலைச் சுற்றிக் கயிறு கட்டுவது, ரப்பர் பேண்ட் போடுவது இரண்டும் வேண்டாம். ரப்பர் பேண்டை மறந்துவிட்டால் அது ரோமத்துக்குள் மறைந்து தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். நகத்தில் தொடங்கிய விஷயம் விரலையே எடுக்க வேண்டிய நிலையில் போய் முடியும்.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

ஸ்டிப்டிக் பவுடர்தான் முதல் தேர்வு. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். இரும்புச் சத்துள்ள ஒரு உப்பு அதில் இருக்கிறது. அதுதான் ரத்தத்தைச் சட்டென்று உறைய வைக்கிறது. நகத்துக்கு மட்டுமே அது. தோல் கிழிந்த இடத்திலோ ஆழமான காயத்திலோ போடக்கூடாது, கண்ணில் படவும் கூடாது.

அது இல்லாத வீட்டில் சோள மாவு, அதாவது கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேட்டு வாங்குவது, நன்றாகவே வேலை செய்யும். மைதாவும் பரவாயில்லை. இரண்டையும் நக்கினாலும் நாய்க்கு ஒன்றும் ஆகாது. குளியல் சோப்புக் கட்டியில் நகத்தை அழுத்தி நுனியை அடைப்பதும் உண்டு. அதிகம் மணம் இல்லாத, காய்ந்த சோப்பாக இருக்கட்டும். சலூனில் சவரம் செய்த பிறகு தேய்ப்பார்களே, அந்தப் படிகாரமும் நல்ல பொருள்தான். கட்டியை நனைத்து வெட்டுப்பட்ட நுனியில் அரை நிமிடம் அழுத்தலாம். எரியும், ஆனால் ரத்தத்தை நிறுத்தும். பொடித்துக் கொட்டி நாய் நக்குகிற மாதிரி விடாதீர்கள், வயிற்றைப் புரட்டும்.

நம் வீடுகளில் காயம் என்றதும் கை தானாகப் போகும் இரண்டு டப்பாக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்று காப்பித்தூள். இதை நாய்க்குப் போடவே கூடாது. நாய் காயத்தை நக்காமல் இருக்காது; காப்பியிலுள்ள கஃபீன் நாய்க்கு நஞ்சு. பெரிய நாய் ஒரு சிட்டிகை நக்கினால் ஒன்றும் தெரியாமல் போகலாம். கைநிறைய அப்பி வைத்ததைச் சின்ன நாய் நக்கினால் படபடப்பு, நடுக்கம், வாந்தி, வலிப்புவரை போகும். மற்றது மஞ்சள்தூள். மஞ்சள் நஞ்சு இல்லை, ஆனால் ரத்தத்தை நிறுத்துவதில் சோள மாவைவிடக் கெட்டிக்காரப் பொருளும் இல்லை. அதைவிட, அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுக்கும் மஞ்சளில் பக்கத்துக் கிண்ணத்து மிளகாய்த்தூள் கலந்திருக்கும். திறந்த நரம்பில் அது பட்டால் நாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுண்ணாம்பு சதையைச் சுட்டுவிடும். கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயை நாய் நக்கும்; கற்பூரம் அதற்கு விஷம். டெட்டாலையும் ஸ்பிரிட்டையும் தொடாதீர்கள். ரத்தம் நிற்கும்வரை கழுவவும் வேண்டாம், தண்ணீர் பட்டால் உறைந்தது கரைந்துவிடும்.

நாய் நொண்டுகிறதே, வலிக்குமே என்று வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுக்கும் பழக்கம் நகத்தில் வந்த ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து. பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெட்டுப்பட்ட நகத்தின் கூர்மையான வலி பெரும்பாலும் அன்றைக்கே தணிந்துவிடும். தணியவில்லை என்றால் நாய்களுக்கென்று உள்ள வலிமருந்தைக் கால்நடை மருத்துவர் எடைக்குத் தக்கபடி எழுதித் தருவார்.

ரத்தம் நிற்கவே இல்லை என்றால்

ஒழுங்காக அழுத்திப் பிடித்தால் 5 முதல் 10 நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். பொடி வைத்து, எடுத்துப் பார்க்காமல் அழுத்தியும் 20 நிமிடம் தாண்டி ஒழுகிக்கொண்டே இருக்கிறது என்றால், அது நகத்தோடு முடிகிற விஷயமாக இருக்காது. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் மிகவும் அதிகம். பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் சேர்கிறது. ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்களை அது குறைத்துவிடும். நாய் ஓரிரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்திருக்கும்; வெயில்தான் காரணம் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். நகம் வெட்டிய அன்றைக்கு ரத்தம் நிற்காதபோதுதான் விஷயம் வெளியே வரும்.

எனவே அழுத்திப் பிடித்துக்கொண்டே நாயை ஒருமுறை பாருங்கள். உதட்டைத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஈறில் விரலை வைத்து அழுத்தி எடுத்தால் வெளுத்துப்போய், 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய்களுக்குக் கீழ்க்கண்ணிமையை இழுத்து உள்பக்கத்தைப் பார்க்கலாம். வெளிறிப்போயிருந்தாலோ, வயிற்றுத் தோலிலும் ஈறிலும் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மூக்கிலிருந்து ரத்தம் வந்திருந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு காரணம் எலி மருந்து. கடைகளில் கேக் வடிவில் விற்கும் பல எலி மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுத்தே எலியைக் கொல்கின்றன. நாய் அதைத் தின்று சில நாள் கழித்துத்தான் அறிகுறி தெரியும். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மருந்து வைத்திருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி இருக்கிறது. டாபர்மேன் நாய்களில் பிறவியிலேயே ரத்தம் உறைவதில் குறை உள்ளவையும் உண்டு. டாபர்மேன் வளர்ப்பவர்கள் முதல்முறை நகம் வெட்டுவதைக் கிளினிக்கில் வைத்துக்கொள்வது நல்லது. உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் நாய்க்கும் டாக்டரைக் கேட்காமல் நகவெட்டி எடுக்க வேண்டாம்.

நாய்க்கு நகம் வெட்டும் வேலையை ராத்திரி பத்து மணிக்குத் தொடங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். பகலில், மருத்துவரின் கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் வெட்டுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் அவற்றோடு சேர்ந்த மருத்துவமனைகளும் இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தின் நேரத்தையும், அவசரத்துக்கு வரும் ஒரு டாக்டரின் எண்ணையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நகம் பிளந்து தொங்கினால்

மழுங்கிய நகவெட்டி வெட்டாது, நசுக்கும். அப்போது நகம் நீளவாக்கில் பிளந்து, பாதி கழன்று தொங்கும். மிதியடியின் நூலில் மாட்டி இழுத்தாலும் இப்படி ஆகும். தொங்குவதைப் பிடுங்கி எடுத்துவிடலாம் என்று தோன்றும். பிடுங்காதீர்கள். நகத்தின் வேர் விரல் எலும்போடு ஒட்டியது, மரத்துப்போகும் மருந்து இல்லாமல் அதை இழுப்பது சித்திரவதை. காஸ் துணியை லேசாகச் சுற்றி, மேலே சாக்ஸ் போட்டு, நகம் அசையாதபடி அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் மரத்துப்போகச் செய்து எடுத்துவிடுவார். புது நகம் வளரச் சில மாதம் ஆகும், வளைந்தும் வளரலாம்.

நகத்துக்குப் பதில் கத்தரி பாதத்தின் மெத்தைச் சதையில் பட்டுவிட்டால் அதுவும் வேறு கணக்கு. அங்கே ரத்தம் அதிகம் வரும், நடக்க நடக்க வாய் பிளக்கும். அழுத்திக் கட்டிக்கொண்டு போய்த் தையல் தேவையா என்று காட்டிவிடுங்கள்.

அடுத்த மூன்று நாள்

ரத்தம் நின்றதும் நாயை அவிழ்த்துவிட்டால் ஒரே ஓட்டமாக ஓடி, தரையில் நகம் தட்டி மறுபடி ஒழுக ஆரம்பிக்கும். ஒரு மணி நேரமாவது ஓரிடத்தில் படுக்க வையுங்கள். அன்றைக்கு ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக மட்டும் கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போங்கள். மண்ணிலும் மழைத் தண்ணீரிலும் இறக்க வேண்டாம். குளிப்பாட்டலை மூன்று நான்கு நாள் தள்ளிப்போடுங்கள். வெளியே போகும்போது குழந்தைகளின் பழைய சாக்ஸை மாட்டலாம், வந்ததும் கழற்றிவிட வேண்டும்; வேர்த்து ஈரமானால் அதுவே புண்ணாக்கும்.

மறுநாள் முதல் பீட்டாடைன் கரைசலைத் தண்ணீரில் கலந்து, பால் விடாத இளந்தேநீர் நிறத்தில், நுனியை ஒருமுறை நனைத்துத் துடைத்துக் காயவிடலாம். கலக்காமல் ஊற்ற வேண்டியதில்லை. ஓயாமல் நக்கினால், வாய் காலுக்கு எட்டாதபடி கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்பு போடுங்கள். நக்கினால் ஆறிவிடும் என்பார்கள். நக்க நக்க ஈரமும் கிருமியும்தான் சேரும்.

நம் வெயிலுக்கும் ஈக்கும் இன்னொரு கவலை உண்டு: புழு. முற்றத்திலோ மொட்டைமாடியிலோ கட்டி வைத்திருக்கும் நாயின் ஈரமான காயத்தில் ஈ முட்டையிட்டால், ஒரே நாளில்கூடப் புழு வைத்துவிடும். காயம் ஆறும்வரை நாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இருமுறை விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். கெட்ட வாடை, வீக்கம், சீழ், நகத்தடியில் கருஞ்சிவப்பு நிறம், இரண்டு நாளுக்குப் பிறகும் நொண்டல், இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்தக் களேபரத்தில் நாய் உங்களைக் கடித்தோ பல் பட்டுக் கீறியோ இருந்தால், முதலில் அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு உங்கள் டாக்டரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறோமே என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். வெறிநோய் வந்த பிறகு மருந்து கிடையாது.

மறுபடி நகவெட்டியை எடுக்கும்போது

ஒரு வாரம், பத்து நாள் விட்டுவிடுங்கள். அதற்கிடையில் தினமும் பாதத்தைத் தொட்டு, ஒரு துண்டு வேகவைத்த முட்டையோ கோழியோ கொடுங்கள். சில நாள் கழித்து நகவெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுங்கள். அதன் சத்தத்தைக் கேட்கவைத்துக் கொடுங்கள். பிறகு ஒரு நாளைக்கு ஒரே ஒரு நகம். முன்னங்காலுக்கு ஐந்தைந்து, பின்னங்காலுக்கு நாலுநாலு என்று பெரும்பாலான நாய்களுக்கு 18 நகம் இருக்கும். ஒரே மூச்சில் அத்தனையையும் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தட்டில் கெட்டித் தயிரைத் தடவி நக்கவிட்டுவிட்டு, அந்த நேரத்தில் வெட்டுவது பல நாய்களிடம் பலிக்கும்.

வெள்ளை நகத்தில் உள்சதை இளஞ்சிவப்பாகத் தெரியும். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் இன்னும் தெளிவு. அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். சிப்பிப்பாறைக்கும் நாட்டு நாய்களுக்கும் கறுப்பு நகம் நிறையப் பார்க்கலாம். அதில் டார்ச் உதவாது, வெட்டுவாயைத்தான் படிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மெல்லிசாகச் சீவிவிட்டு நகத்தை நேருக்கு நேர் பாருங்கள். சுண்ணாம்புக்கட்டி மாதிரி வறண்டு வெளுப்பாகத் தெரிந்தால் இன்னும் ஒரு சீவல் எடுக்கலாம். நடுவில் வட்டமாக, சாம்பல் நிறத்திலோ கறுப்பிலோ, லேசான ஈரப் பளபளப்புடன் ஒரு புள்ளி தெரிந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான் ரத்தமும் நரம்பும் இருக்கின்றன. மிச்சமிருக்கும் கூர்மையை அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம்.

முன்னங்காலின் உள்பக்கம், தரையில் படாமல் கொஞ்சம் மேலே இருக்கும் கட்டைவிரல் நகத்தை மறந்துவிடாதீர்கள். தெருவில் ஓடி மற்ற நகங்கள் தேய்கிற நாய்க்குக்கூட இது தேயாது. வளைந்து சதைக்குள் குத்திக்கொண்ட பிறகு பார்த்தால் அதை வீட்டில் வெட்டாதீர்கள், கிளினிக்கில் எடுக்கட்டும்.

அடுக்குமாடி வீட்டு நாய் நடக்கும்போது டைல்ஸில் டக் டக் என்று சத்தம் கேட்கிறது என்றால் நகம் மிஞ்சி வளர்ந்துவிட்டது. நகம் நீள நீள உள்ளே சதையும் கூடவே நீளும். அதை ஒரே நாளில் குட்டையாக்கப் போனால் ரத்தம் நிச்சயம். வாரம் ஒருமுறை நுனியில் துளி அளவு மட்டும் எடுத்துக்கொண்டே வாருங்கள். சில வாரங்களில் சதை பின்வாங்கத் தொடங்கும், நகமும் மெல்ல மெல்ல சரியான நீளத்துக்கு வரும். அதன்பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும்.